மஞ்சள் நதிக்குத் தெற்கே: சூ நாட்டுப் பண்பாடு பற்றிச் சில எண்ணங்கள்

கி. மு. நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்த சீனப் பேரறிஞர் மென்சியஸ், சொங் நாட்டு அமைச்சர் ஒருவரிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். சூ நாட்டுப் பெருங்குடியினன் ஒருவன் தன் மகனுக்கு வடக்கிலுள்ள சி நாட்டு மொழியைக் கற்பிக்க விரும்பினால் எந்நாட்டு ஆசிரியரை அமர்த்துவான்? சி நாட்டவரைத்தான் என்றார் அமைச்சர். ஓர் ஆசிரியர் தனித்துக் கற்பிக்க, சுற்றியுள்ள சூ நாட்டார் பலரும் தம் மொழியிலே ஓயாது ஆரவாரித்தால், நாள்தோறும் பிரம்பெடுத்தாலும் அச்சிறுவனுக்கு அம்மொழி வாராது என்றும், அவனையே சி நாட்டுத் தலைநகரின் தெருவொன்றிலே சில ஆண்டுகள் குடியிருத்தினால் பின்னர் அடித்தாலும் சூ மொழி அவன் நாவிலே வாராது என்றும் மென்சியஸ் விளக்கினார். மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்க கதைதான். ஆயினும் நாம் இங்கு கருதுவது கற்பித்தல் முறையை அன்று. அக்காலச் சீனத்திலே, ஆசிரியர் வைத்துக் கற்க வேண்டிய அளவுக்கு வடக்கின் பேச்சும் தெற்கின் பேச்சும் வேறுபட்டிருந்தன என்னும் உண்மையை, அதனை நிறுவும் நோக்கம் சிறிதும் இல்லாத ஒருவர் வாயிலிருந்தே நாம் பெறுகின்றோம்.

அதே மென்சியஸ் மற்றோரிடத்தில், தம் கொள்கைக்கு மாறான கருத்துரைத்த சூ நாட்டார் ஒருவரைக் கீச்சிடும் பறவையின் நாக்குடைய தென்னாட்டு நாகரிகமிலி என்று இகழ்கின்றார். அந்த வசையை உதிர்க்கும் உரையிலேயே, வடக்கே சென்று கன்பூசியஸின் நெறியைக் கற்று வடநாட்டாரையும் விஞ்சிய சென் லியாங் என்பவரைப் புகழ்ந்தும் பேசுகின்றார். அவரும் சூ நாட்டவரே. வடக்கைக் கற்றால் அறிஞன். தன் போக்கிலே சிந்தித்தால் பறவை நாக்கன்! தெற்கைப் பற்றிய வடநாட்டு ஏடுகளின் நோக்கு பெரும்பாலும் இத்தகையதே. சூ நாட்டின் வரலாற்றை நெடுங்காலம் உலகம் அறிந்தது இவ்வேடுகளின் வாயிலாகத்தான். சீன நாகரிகம் என்றவுடனே மஞ்சள் நதியைக் கூறி, அங்கே தோன்றிய ஒளி சிறிது சிறிதாகத் தெற்கே பரவியதெனச் சொல்லி முடிப்பது பள்ளிக்கூட வழக்கமாயிற்று.

சென்ற எழுபது எண்பது ஆண்டுகளாக ஹூபெய், ஹூனான் மாகாணங்களின் ஈரக் களிமண் வேறு கதை சொல்லி வருகின்றது. அதனைக் கேட்டவர்களுட் சிலர் இப்பொழுது எதிர்ப்புறம் சாய்ந்து, சூ நாட்டுப் பண்பாடு வடக்கோடு ஒட்டும் உறவும் இல்லாத தூய தென்னகப் பண்பாடு எனக் கொண்டாடுகின்றனர். இரண்டும் பிழை என்பது எம் கருத்து. சூ நாட்டின் பெருமை அதன் தூய்மையிலே இல்லை. கூச்சமின்றிக் கடன் வாங்கி, வாங்கியதைத் தன் வீட்டுப் பொருளாக்கிக்கொண்ட துணிவிலே இருக்கின்றது.

தோற்றத்தை முதலில் நோக்குவோம். வரலாற்றாசிரியர் சிமா சியென் கூறுவது சுருக்கமானது. சூ மன்னரின் முன்னோரான யூ சியொங் என்பவர் சௌ அரசரிடம் பணி செய்தார். அவர் வழிவந்த சியொங் யீ என்பவருக்குச் சௌ மன்னன் சென் கி. மு. 11ஆம் நூற்றாண்டின் இறுதியளவிலே தன்யாங் என்னும் இடத்திலே சிறு நிலமொன்றைக் கொடுத்தான். அதாவது, சூ நாடு வடநாட்டு மன்னன் இட்ட பிச்சை.

இனி, சூ நாட்டார் தம்மைப் பற்றித் தாமே எழுதியதைப் பார்ப்போம். கல்லறைக் கொள்ளையர் கையிலே அகப்பட்டு அலைந்து, 2008இல் பழைய மாணவர் ஒருவரின் கொடையாகச் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தை வந்தடைந்த மூங்கில் ஏடுகள் ஏறத்தாழக் கி. மு. 300ஆம் ஆண்டளவின. அவற்றுள் ‘சூ ஜூ’ எனப் பெயரிடப்பட்ட ஏட்டுத்தொகுதி, சூ மன்னர் எவ்வெவ்விடங்களிலே குடியிருந்தனர் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கூறுகின்றது. மூதாதை ஒருவன் தாயின் விலாவைப் பிளந்துகொண்டு பிறந்தான். தாய் விண்ணுலகு சென்றாள். அவள் விலாவை மந்திரக்காரன் ஒருவன் ‘சூ’ என்னும் முட்செடியின் கொம்பினாலே கட்டினான். அதனாலேயே நாம் சூ மக்கள் எனப்பட்டோம் என்கின்றது அவ்வேடு. பெயர்க் காரணம் கூறும் இக்கதையை நாம் புராணமெனத் தள்ளிவிடலாம். அதனை அடுத்து வருவதோ அங்ஙனம் தள்ளக்கூடியதன்று. சியொங் யீயின் காலத்திலே புதிய இடமொன்றுக்குக் குடிபெயர்ந்து வழிபாட்டு மனை எழுப்பினர். மனை முடிந்தது, உள்ளே படைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அயலிலிருந்த ரூவோ மக்களின் கொம்பு முளையாத கன்றொன்றைத் திருடிக்கொண்டு வந்தனர். உடையவன் தேடி வருவானோ என அஞ்சி, இருளிலே படையல் செய்தனர். அன்று தொட்டு அச்சடங்கு இரவிலேயே நடைபெறுகின்றது என முடிகின்றது செய்தி.

எந்த அரசவைப் புலவனும் தன் மன்னனின் முன்னோரைக் கன்றுத் திருடராகக் கற்பனை செய்யமாட்டான். பலம் பெற்று, பல நாடுகளை விழுங்கிய பின்னரும் அவ்வறுமையை அழித்துவிடாது ஏட்டிலே பொறித்துவைத்த மக்களின் நெஞ்சுரம் எம்மை வியக்கவைக்கின்றது. மன்னனின் அருட்கொடையால் நாடு பெற்றோம் என்று இவ்வேடு பெருமை பேசவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். 1987இல் பாவொஷானிலே அகழப்பட்ட கல்லறையொன்றிலே, கி. மு. 316இல் இறந்த சூ நாட்டு அதிகாரி ஒருவரின் நோய் நீங்குவதற்காகச் செய்த வழிபாட்டுக் குறிப்புக்கள் கிடைத்தன. அங்கே பலி பெறும் மூதாதையருள் யூ சியொங்கும் இருக்கின்றார். தீயின் தலைவனாகிய சூரொங்கும் இருக்கின்றான். நதியும் மலையும் இருக்கின்றன.

நிலத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. யாங்சி ஆற்றின் நடுப்பகுதியிலே இற்றைக்கு 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே நெல் விளைந்தது. ஷிஜியாஹே என்னுமிடத்திலே 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மதில் நகரம் ஒன்று இருந்தது. 1954இல் கண்டறியப்பட்ட பன்லொங்செங் நகரமோ, வடக்கின் ஷாங் பண்பாட்டு வெண்கலக் கலை, சூ அரசு தோன்றுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுதிக்கு வந்துவிட்டதைக் காட்டுகின்றது. எனவே வடக்கு தெற்கு என்னும் இரு தீவுகள் ஒருபோதும் இருந்ததில்லை. 1973இல் வெளிப்பட்ட தொங்லூஷான் செப்புச் சுரங்கங்கள் 50 மீற்றருக்கும் மேல் ஆழம் சென்றவை. வடநாட்டார் வேள்விக் கலங்களுக்கு வேண்டியிருந்த செம்பு தெற்கிலே இருந்தது. சூ நாட்டின் எழுச்சியை வெறும் வீரத்தால் விளக்க முற்படுவோர் இச்சுரங்கங்களை மறந்துவிடுகின்றனர்.

எழுச்சி விரைவானது. கி. மு. 704இல் சூ நாட்டுத் தலைவன், சௌ மன்னனுக்கு மட்டுமே உரிய ‘வாங்’ என்னும் அரசப் பட்டத்தைத் தானே சூடிக்கொண்டான். கி. மு. 656இல் வடநாட்டுக் கூட்டுப்படை சூ எல்லைக்கு வந்து இரு குற்றங்களைச் சாட்டியது. ஒன்று, சௌ மன்னனின் வேள்விக்கு மது வடிக்கும் நாணற்கட்டைத் திறையாக அனுப்பத் தவறியமை. மற்றொன்று, பண்டைய சௌ மன்னன் ஒருவன் தென்திசைப் படையெடுப்பிலிருந்து மீளாமை. முதலாவது எங்கள் பிழைதான், இனி அனுப்புவோம் என்றான் சூ தூதன். இரண்டாவதைப் பற்றி, ஆற்றங்கரையைப் போய்க் கேளுங்கள் என்றான்! நாணலுக்கு வணங்கி, மன்னன் சாவுக்கு வணங்க மறுத்த இந்த விடையிலே சூ நாட்டின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஐம்பது ஆண்டுகளின் பின்னர், கி. மு. 606இல், சூ மன்னன் சுவாங் சௌ தலைநகரின் வாயிலிலே படையை நிறுத்தி, ஆட்சியுரிமையின் சின்னங்களாகிய ஒன்பது கொப்பரைகளின் நிறை எவ்வளவு என வினவினான். சின்னத்தை அவன் இகழவில்லை, அதனை விரும்பினான். வடக்கைப் பகைத்துக்கொண்டே வடக்கின் மொழியிலே அவன் பேசினான்.

மொழி என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகின்றது. சூ நாட்டு முதலமைச்சர் ஒருவர் குழந்தையாய்க் காட்டிலே எறியப்பட்டபோது புலியொன்று பால் கொடுத்து வளர்த்ததாம். அதனால் அவர் பெற்ற பெயரைக் கூறவந்த வடநாட்டு வரலாற்று நூல், பாலூட்டுதலைச் சூ மக்கள் ‘கூ’ என்பர், புலியை ‘வூத்தூ’ என்பர் என்று உரை எழுதவேண்டியதாயிற்று. சீனச் சொற்களோடு எவ்வித உறவுமில்லாத சொற்கள் இவை. ஆயினும் சூ அரசவையின் எழுத்து வடக்கின் எழுத்தே. மற்றொரு நிகழ்ச்சி இதனினும் சுவையானது. சூ இளவரசர் ஒருவர் படகிலே செல்கையில் யூவே இனத்துப் படகோட்டி தன் மொழியிலே பாடினான், இளவரசருக்கு விளங்கவில்லை, அதனைச் சூ மொழியிலே பெயர்க்கச் செய்து, பொருளறிந்து உருகிப்போனார். அப்பாட்டின் மூல ஒலிகளைச் சீன எழுத்தாலும் மொழிபெயர்ப்பை அதன் பக்கத்திலும் பிற்காலத் தொகுப்பொன்று காத்து வைத்திருக்கின்றது. இக்கால மொழியியலாளர் அவ்வொலிகளைத் தாய் மொழிக் குடும்பத்தோடு பொருத்திப் பார்க்கின்றனர். வடக்கிற்குச் சூ மொழி எப்படியோ, சூ நாட்டாருக்கு யூவே மொழி அப்படி. அவர்களும் பறவை நாக்கென்று இகழ்ந்திருக்கலாம். ஆனால் இளவரசர் மொழிபெயர்ப்பாளனை அழைத்தார்.

இத்தகைய மனப்பாங்கின் சிகரமாக நாம் கருதுவது 1978இல் ஹூபெய் மாகாணத்துச் சுயிசௌ நகரருகே தோண்டியெடுக்கப்பட்ட மணித்தொகுதியாகும். கல்லறை சூ நாட்டவருடையதன்று. சௌ அரச குலத்தோடு உறவுடைய, சூ நாட்டின் நிழலிலே வாழ்ந்த செங் என்னும் சிற்றரசின் தலைவன் யீ என்பவனுடையது. மூன்றடுக்குச் சட்டத்திலே 65 வெண்கல மணிகள். அவற்றின் நிறை மட்டும் ஏறத்தாழ 2,500 கிலோகிராம். ஒவ்வொரு மணியும் அடிக்கும் இடத்திற்கேற்ப இரு சுரங்களைத் தரும். கீழ் அடுக்கின் நடுவிலே தொங்கும் மணி, சூ மன்னன் ஹுயி கி. மு. 433இல் அனுப்பியது. அவனுடைய தந்தை சாவோ, கி. மு. 506இல் வூ நாட்டுப் படை தலைநகராகிய யிங்கைப் பிடித்தபோது ஓடிவந்து அடைக்கலம் பெற்றது இச்சிறு நாட்டிலேதான். நன்றிக் கடன் தலைமுறை கடந்து நின்றது போலும்.

மணிகளின் மேல் ஏறத்தாழ 2,800 எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை வெற்றிப் புகழோ குலப் பெருமையோ அல்ல, இசையிலக்கணம். செங் நாட்டிலே இந்தச் சுரத்திற்கு இது பெயர், சூ நாட்டிலே இது, ஜின் நாட்டிலே இது, சௌ நாட்டிலே இது என்று ஒப்பிட்டுக் கூறுகின்றன. ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த நாடுகளின் சுரப் பெயர்களை ஒரே மணியிலே வரிசைப்படுத்திய அந்தப் பெயரறியாத இசைவாணர், எந்தப் பெயர் சரியான பெயர் எனத் தீர்ப்புக் கூறவில்லை. வுஹான் நகரத்து நூதனசாலையிலே வைக்கப்பட்டிருக்கும் அம்மணிகள் இன்றும் ஒலி மாறாதவை. ஆயினும் கலையைக் கண்டு கண்ணை இழந்துவிடலாகாது. அதே கல்லறையிலே தலைவனுக்குத் துணையாகக் கொன்று புதைக்கப்பட்ட 21 பெண்களின் எலும்புகளும் கிடைத்தன. மணியடித்தவர்களும் அவர்களுள் இருந்திருக்கக்கூடும்.

சூ நாட்டுக் கைவினையைப் பற்றி எழுதினால் முடிவிராது. கறுப்பும் சிவப்புமாய் மின்னும் மரப்பால் மெருகுக் கலங்கள், மான்கொம்பு சூடி நாக்கை நீட்டி நிற்கும் கல்லறைக் காவல் விலங்குகள், புலிகளின் முதுகிலே நிற்கும் இரு பறவைகள் தாங்கும் பறை ஆகியவற்றை வடநாட்டுக் கல்லறைகளிலே தேடினும் காணமுடியாது. 1982இல் மாஷானிலே ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து எடுத்த பட்டாடைகளிலே நீண்ட கழுத்துடைய பறவை, நாகத்தோடும் புலியோடும் பின்னிப் பிணைந்து ஆடுகின்றது. அந்தத் தையலூசி பிடித்த கைகளின் சுதந்திரத்தைக் கண்டபின் சியூ யுவானின் பாட்டு எங்கிருந்து வந்தது என்ற ஐயம் எமக்கு எழுவதில்லை.

வடநாட்டின் பழம்பாடல் தொகுப்பிலே பதினைந்து நிலப்பகுதிகளின் நாட்டுப்பாடல்கள் உள. சூ நாட்டின் பெயரால் ஒன்றுமில்லை. பல நூற்றாண்டுகள் அத்தொகுப்பின் வாயிலிலே நின்ற தெற்கு, பின்னர் தனக்கெனத் தனி வாயில் திறந்துகொண்டது. கி. மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பாதியிலே பிறந்த சியூ யுவான், மன்னனின் நம்பிக்கைக்குரிய அமைச்சராயிருந்து, பொறாமைக்காரரின் புறங்கூற்றால் நாடு கடத்தப்பட்டு, மிலுவோ ஆற்றிலே மூழ்கி இறந்தார் என்பது மரபு. அவருடைய ‘லீ சாவோ’ நாற்சீரிலே அடியெடுத்து வைக்கும் வடநாட்டுப் பாட்டன்று. நீண்ட அடி, நடுவிலே ‘சீ’ என்னும் மூச்சொலி, நறுமணச் செடிகளை உடுத்துக்கொண்டு விண்ணிலே தேரோட்டிச் செல்லும் பாடுவோன். ‘ஒன்பது பாடல்கள்’ என்னும் பெயரிலே பதினொரு பாடல்கள் உள. தெய்வமேறிப் பாடும் பூசாரிகளின் வாய்மொழியை அடியொற்றியவை. ‘விண்ணை வினாவுதல்’ என்னும் நூலோ 170க்கு மேற்பட்ட வினாக்களால் ஆனது, ஒன்றுக்கும் விடையில்லை. எனினும் இவற்றிலே வடநாட்டுப் பேரரசர்களின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. வடக்கை நன்கு கற்ற ஒருவரே இவ்வளவு தெற்கத்தியராய்ப் பாடமுடியும்.

இவ்விடத்திலே எம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டிலே சியூ யுவான் சீனத்தின் தேசபக்திக் கவிஞராக முடிசூட்டப்பட்டார். 1942இல் யப்பானியப் போரின் நடுவே குவோ மொரூவோ அவரை நாடக நாயகராக்கினார். 1953இல் உலக சமாதானக் கழகம் அவரை நினைவுகூர்ந்தது. போர்க்காலத்தின் தேவையை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர் நேசித்து அழுத நாடு சூ நாடு. அதை அழித்தது சின் நாடு. சீனம் முழுவதையும் முதன்முதல் ஒன்றாக்கியதும் அதே சின் நாடு. எந்த ஒருமைப்பாட்டின் காலடியிலே தம் நாடு நசுங்கியதோ, அந்த ஒருமைப்பாட்டின் கவிஞராக ஒருவரை ஆக்குவது அவர் பாட்டைப் படியாமலே அவருக்கு மாலை சூட்டுவதாகும்.

கி. மு. 278இல் சின் தளபதி பை சீ யிங் நகரைக் கைப்பற்றினான். மன்னர் கிழக்கே பின்வாங்கினர், கி. மு. 223இல் சூ அரசு முடிந்தது. அதன் இறுதிக் காலத்து மன்னன் கவ்லியேயினது எனக் கருதப்படும் பெருங்கல்லறை அன்ஹூய் மாகாணத்து வூவாங்துன்னிலே அகழப்பட்டு, அதன் ஒன்பது அறைகள் பற்றிய செய்தி 2024இல் வெளிவந்தது. தோற்றுக்கொண்டே நகர்ந்த அரசு தன் சடங்கிலே சிறிதும் குறைவைக்கவில்லை.

அரசு முடிந்தது, பாட்டு முடியவில்லை. சின் பேரரசு பதினைந்தே ஆண்டுகளிலே சரிந்தபோது கிளர்ந்தெழுந்தோர் சூ என்ற பெயரையே கொடியாக ஏந்தினர். கி. மு. 202இல் காய்சியா போர்க்களத்திலே சூ வீரன் சியாங் யூ முற்றுகைக்குள்ளான இரவு, பகைவனின் பாசறைகளிலே நாற்புறமும் சூ பாட்டு ஒலிக்கக் கேட்டுத் தன் நாடு முழுவதும் பறிபோயிற்றோ எனத் திடுக்கிட்டான். அன்று அவன் பாடிய இறுதிப் பாட்டும் சூ நாட்டு யாப்பிலேதான் அமைந்தது. அவனை வென்று ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங்கும் பழைய சூ நிலத்திலே பிறந்தவன். முதுமையிலே ஊர் திரும்பி உறவினர் நடுவே அவன் பாடியதும் அதே யாப்பு. நீண்ட அங்கியணிந்து வந்த கன்பூசிய அறிஞரை அவன் வெறுத்தான். அவரே சூ நாட்டுக் குட்டைச் சட்டை அணிந்து வந்தபோது மகிழ்ந்தான். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பறவை நாக்கு எனப்பட்ட நாட்டின் ஆடை அரண்மனை வழக்காயிற்று. 1972இல் சங்ஷா நகரத்து மாவாங்துவிலே ஹான் காலத்துச் சீமாட்டி ஒருத்தியின் சவப்பெட்டி மேல் விரித்திருந்த பட்டோவியத்தைக் கண்டோர், கதிரவனும் நிலவும் நாகங்களும் நிறைந்த அந்த விண்ணுலகம் சியூ யுவானின் விண்ணுலகமே என உணர்ந்தனர்.

சீனத் தொல்பொருளறிஞர் சு பிங்சி 1981இல் பழஞ்சீனப் பண்பாட்டை ஆறு நிலப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனித்தனி வேர்விட்டு வளர்ந்தது என நிறுவ முயன்றார். மஞ்சள் நதியின் தனியாட்சியை அசைத்த அக்கொள்கைக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் அதனைப் பின்பற்றுவோர் பலர், எல்லா ஆறுகளும் முடிவிலே ஒரு கடலிற் சேரவே பிறந்தன என்பதுபோல எழுதுகின்றனர். கி. மு. 300இலே யிங் நகரத்துக் கடைத்தெருவிலே நின்ற ஒருவன் தான் ஒரு கிளையாறு என எண்ணியிருக்கமாட்டான். முடிவை அறிந்தவன் தொடக்கத்தை எழுதும்பொழுது விழும் நிழலை வரலாற்று மாணவர்கள் பிரித்தறியப் பழக வேண்டும்.

அந்த ஒருவன் எதைப் படித்தான் என்பதை நாம் ஓரளவு அறிவோம். 1993இல், அழிந்த யிங் நகருக்கு வடக்கே குவொதியென் என்னும் இடத்திலே, கொள்ளையர் இருமுறை துளைத்த சிறு கல்லறையொன்றிலிருந்து சுமார் 800 மூங்கில் ஏடுகள் நீரூறிய நிலையிலே மீட்கப்பட்டன. லாவோசியின் நூலுக்கு இன்றுள்ள மிகப் பழைய படிகள் அவற்றுள் இருந்தன. அவற்றோடு கன்பூசிய நூல்களும், வடக்கிலே தீயிடப்பட்டும் மறக்கப்பட்டும் போன சில உட்பட, சூ நாட்டுக்கே உரிய வளைவெழுத்திலே பெயர்த்தெழுதப்பட்டு இருந்தன. தென்னாட்டு நூலும் வடநாட்டு நூலும் ஒரே கல்லறையிலே இருபத்து மூன்று நூற்றாண்டுகள் உடனுறைந்தன. உடன் கிடைத்த மெருகிட்ட கிண்ணமொன்றின் அடியிலே நான்கு எழுத்துக்கள் உள. கீழை மாளிகைக் கிண்ணம் என்று சிலர் வாசிப்பர். வேறு சிலரோ கீழை மாளிகை ஆசிரியர், அதாவது பட்டத்து இளவரசனின் ஆசிரியர், என்று வாசிப்பர்.